வேலையை விட்டுட்டு டாக்டருக்கு படிக்கலாமா? ராமநாதபுரத்துக்காரங்களுக்கு எங்க படிக்கிறது சரி? முழு விவரம்

கல்ஃப்ல சம்பாதிச்சுட்டு ஊர் திரும்பிய இன்ஜினியர், கீழக்கரையில் மருந்துக்கடை வைத்திருப்பவர், ராமேஸ்வரத்தில் பணியாற்றும் நர்ஸ் என பலருக்கும் மனசின் ஓரத்தில் ஒரு கேள்வி இருக்கும்: "இந்த வயசுல எம்.பி.பி.எஸ். படிக்க முடியுமா?"

முடியும். 2025-ல் தென் மாவட்டத்தைச் சேர்ந்த 49 வயது பிசியோதெரபிஸ்ட் ஒருவர், மகளோடு சேர்ந்து நீட் எழுதினார். சிறப்புப் பிரிவு கலந்தாய்வில் வீட்டுக்குப் பக்கமான விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரியைத் தேர்வு செய்தார். அந்த 'வீட்டுக்குப் பக்கம்' என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

வயது வரம்பு இருக்கா?

இப்போது இல்லை. முன்பு பொதுப் பிரிவுக்கு 25, இடஒதுக்கீட்டுப் பிரிவுக்கு 30 என்று உச்ச வரம்பு இருந்தது. அதை நீக்கியதாக தேசிய மருத்துவ ஆணையம் 2022 மார்ச்சில் அறிவித்தது. எத்தனை முறை வேண்டுமானாலும் நீட் எழுதலாம்.

பிளஸ் 2-ல் பயாலஜி எடுக்கலையே?

அதற்கும் வழி உண்டு. பிளஸ் 2 முடித்த பிறகு பயாலஜியைக் கூடுதல் பாடமாக எழுதித் தேர்ச்சி பெற்றவர்களும் நீட் எழுதலாம் என 2023 நவம்பரில் ஆணையம் அனுமதித்தது. இயற்பியல், வேதியியல், பயாலஜியோடு ஆங்கிலமும் கட்டாயம்.

பக்கத்தில் என்னென்ன கல்லூரி?

2022 ஜனவரி 12-ல் தமிழகத்தில் ஒரே நாளில் 11 அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டன. அதில் ஒன்று ராமநாதபுரம். இங்கே தொடங்கும்போது 100 இடங்கள். சிவகங்கையில் 100, விருதுநகரில் 150, மதுரையில் 250.

ஒரு விஷயத்தை மறக்கக் கூடாது. ராமநாதபுரத்துக்காரர் என்பதற்காக இந்தக் கல்லூரியில் தனி முன்னுரிமை கிடையாது. ரேங்க், இடஒதுக்கீடு, நீங்கள் கொடுக்கும் விருப்ப வரிசை, இந்த மூன்றும்தான் முடிவு செய்யும். "பெரிய காலேஜ்" என்று சென்னையை முதலில் போட்டால், ரேங்க் இருந்தால் சென்னையேதான் வரும். குழந்தைகளும் வயதான அப்பா அம்மாவும் ஊரில் இருந்தால், அந்த வரிசையை வீட்டில் உட்கார்ந்து பேசிவிட்டுப் போடுவது நல்லது.

வேலை பார்த்துக்கிட்டே படிக்க முடியுமா?

வாய்ப்பே இல்லை. எம்.பி.பி.எஸ். முழுநேரப் படிப்பு. தபால் வழி, மாலை நேர வகுப்பு எதுவும் கிடையாது. தியரிக்கு 75%, பிராக்டிக்கலுக்கு 80% வருகை வேண்டும். நாலரை வருடப் படிப்பு, ஒரு வருடம் பயிற்சி மருத்துவர் என மொத்தம் ஐந்தரை வருடம். பயிற்சி காலத்தில் மட்டும் உதவித்தொகை வரும்.

அதனால் கணக்குப் போட வேண்டியது ஃபீஸ் மட்டுமல்ல. வீட்டுக்கு வந்துகொண்டிருந்த சம்பளம் நின்றுபோவதையும் சேர்த்துத்தான். அரசுக் கல்லூரியில் ஆண்டுக் கட்டணம் ஆயிரங்களில் முடியும். தனியாரில் லட்சங்களில் போகும். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5% உள் ஒதுக்கீடு இருக்கிறது. பழைய பள்ளிச் சான்றிதழ்களைத் தேடி எடுத்து, தகுதி உண்டா என முதலிலேயே பார்த்துவிடுங்கள்.

வெளிநாடு போனா சீக்கிரம் முடியுமா?

நிறைய பேர் ஏமாறுவது இங்கேதான். வெளிநாட்டில் படித்துவிட்டு இங்கே டாக்டராக வேலை பார்க்க நீட் தகுதி கட்டாயம். 2021 நவம்பர் விதிகள்படி குறைந்தது 54 மாதப் படிப்பு, அதே கல்லூரியில் 12 மாத பயிற்சி, திரும்பி வந்து இந்தியாவில் 12 மாத பயிற்சி வேண்டும். பாடம் ஆங்கிலத்தில் நடக்க வேண்டும். அந்த நாட்டிலேயே டாக்டராகப் பணிபுரியத் தகுதி தரும் பட்டமாகவும் இருக்க வேண்டும். நடுவில் எஃப்.எம்.ஜி.இ. தேர்வு, அதில் 300-க்கு 150 எடுத்தால்தான் பாஸ்.

கூட்டிப் பார்த்தால் குறைந்தது ஆறரை வருடம். இங்கே படிப்பதை விட ஒரு வருடம் கூடுதல், மேலே ஒரு தேர்வு. 18 வயசுப் பிள்ளைக்கு அந்த ஒரு வருடம் பெரிதாகத் தெரியாது. 35 வயதில் வீட்டுக் கடனோடு படிப்பவருக்கு அது ரொம்பப் பெரிது. 2022-ல் போர் தொடங்கியதும் உக்ரைனிலிருந்து பாதிப் படிப்பில் திரும்பி வந்த மாணவர்களையும் நினைவில் வைக்க வேண்டும்.

அப்போ எங்க படிக்கலாம்?

ஏஜென்ட்டிடம் முன்பணம் கட்டும் முன், வேலையை ராஜினாமா செய்யும் முன், முதலில் நீட் எழுதிப் பாருங்கள். மார்க் வந்த பிறகு மூன்று கேள்வி: ஐந்தரை வருடம் வீட்டுச் செலவை யார் பார்ப்பது? அவசரம் என்றால் எத்தனை மணி நேரத்தில் வீடு வந்து சேரலாம்? படித்து முடித்தால் இந்தியாவில் பதிவு கிடைக்குமா?

மூன்றுக்கும் தெளிவான பதில் தரும் கல்லூரிதான் உங்களுக்குச் சரியான கல்லூரி. அது பெரிய ஊரில்தான் இருக்க வேண்டும் என்றில்லை. பாம்பன் பாலத்தைத் தாண்டி பஸ்ஸில் போய்ச் சேரும் தூரத்திலேயே இருக்கலாம்.