மண் பூசின கிழங்கு

கிழங்கு வியாபாரத்தில் ஒரு பழைய தந்திரம் இருக்கு. இந்தியாவிலிருந்தோ பாகிஸ்தானிலிருந்தோ வந்த உருளைக்கிழங்கை நம்ம ஊர்ச் செம்மண்ணில் புரட்டி எடுத்து, "வெலிமடைக் கிழங்கு" என்று சொல்லி விற்பார்கள். செய்தியில் அடிக்கடி வரும். நாங்களும் சிரிச்சிட்டுக் கடந்து போவோம்.

எங்க வீட்டில் மட்டும் ஒரு வருஷம் யாரும் சிரிக்கல. தோட்டத்தில் பேர் இல்லாத நாட்களில் அம்மா வெலிமடைப் பக்கம் கிழங்கு கிண்டக் கைக்காசுக்குப் போவாங்க. அந்த முறை அறுவடை நேரம் பார்த்து விலை விழுந்துட்டு. நிலத்துக்காரர் பாதிக் கூலியைக் கொடுத்து, மீதியை "அடுத்த போகத்துல பார்ப்போம்" என்றார். வெளிநாட்டுக் கிழங்கு வந்து குவிஞ்சதுதான் காரணம் என்று எல்லாரும் சொன்னாங்க. அது உண்மையா என்று தேடப் போனதில்தான் இந்தக் கட்டுரை வந்தது.

இலங்கையில் விளையும் உருளைக்கிழங்கில் பெரும் பங்கு பதுளை, நுவரெலியா ஆகிய இரண்டு மாவட்டங்களிலிருந்து வருது. நம்ம பக்கம் வெலிமடை, ஊவா பரணகம, பண்டாரவளை. நெல் வெட்டின வயலிலேயே அடுத்த போகம் கிழங்கு போடுவார்கள். ஆனா இந்தப் பயிர் இந்த அளவுக்குப் பெருகினதுக்கு மண்ணும் குளிரும் மட்டும் காரணமில்லை, அரசாங்கக் கொள்கையும் காரணம். 1970 முதல் 1977 வரை இருந்த சிறிமாவோ பண்டாரநாயக்க அரசாங்கம் உருளைக்கிழங்கு, வெங்காயம், மிளகாய் இறக்குமதியை இறுக்கிப் பிடிச்சது. யாழ்ப்பாணத்து வெங்காய, மிளகாய்த் தோட்டக்காரரும் வெலிமடைக் கிழங்குக்காரரும் தலை நிமிர்ந்தது அப்போதுதான். யாழ்ப்பாணத்தில் பெரியவர்கள் இன்னும் அதைப் பொற்காலமாகப் பேசுவதைக் கேட்டிருப்பீர்கள்.

எங்க அப்பாயிகிட்ட அதே வருஷங்களைக் கேட்டால் வேறு கதை வரும். பாணுக்கு வரிசை, மாவுக்கு வரிசை, மரவள்ளியும் கீரையும். அரிசியை ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குக் கொண்டு போகவும் கட்டுப்பாடு. 1974இல் தோட்டங்களில் இறப்பு வீதம் பயங்கரமாக ஏறினது. உலகச் சந்தையில் எண்ணெய், உணவு விலை ஏறினதும், நாட்டில் அந்நியச் செலாவணி இல்லாததும் அதற்குப் பின்னால் இருந்தன. கிழங்குத் தடையை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. ஆனாலும் சொந்தமாக ஒரு துண்டு வயல்கூட இல்லாமல், கூலியில் வாங்கித் தின்ன லயத்துச் சனத்துக்கு, இறக்குமதி நின்றால் சாப்பாடு குறையும். ஒரே கொள்கை ஒருத்தருக்கு வாழ்வு, இன்னொருத்தருக்குப் பட்டினி. பாதுகாப்பு வரி பற்றிப் பேசும்போது நான் இதை மறக்க விரும்பல.

1977இல் ஜே.ஆர். ஜெயவர்தன அரசாங்கம் கதவைத் திறந்தது. ஆனாலும் கிழங்குக்கு அனுமதிப்பத்திர முறை நீடித்தது. அந்தப் பூட்டும் 1996இல் கழன்றது: அனுமதிப்பத்திரம் போய், 35 வீதத் தீர்வை வந்தது. அடுத்த ஓரிரு வருஷத்திலேயே கிழங்கு போட்ட பரப்பு பெருமளவில் சுருங்கிப் போச்சு. விவசாயிகள் கூச்சல் போட்டபிறகு வரியை ஏத்துவதும், நகரத்தில் விலை ஏறினால் இறக்குவதும் வழக்கமானது. 2007இல் வந்த 48ஆம் இலக்க விசேட வியாபாரப் பண்ட அறவீட்டுச் சட்டம் இதை இன்னும் லேசாக்கிட்டு. ஒரு வர்த்தமானி போதும், ராத்திரியோடு ராத்திரியாகக் கிலோவுக்கு இத்தனை ரூபா என்று மாறும்.

சரி, "குவிப்பு" என்று சொல்றோமே, அது சட்டப்படி என்ன? உலக வர்த்தக அமைப்பின் விதிப்படி, ஒரு பொருளை அதன் சொந்த நாட்டில் விற்கும் விலையை விடக் குறைத்து வெளிநாட்டுக்கு விற்பதுதான் குவிப்பு. சும்மா மலிவாக இருந்தால் போதாது. உதாரணத்துக்கு, ஆக்ராவில் 40 ரூபாய்க்குப் போகும் கிழங்கு நமக்கு 30க்கு வந்தால் குவிப்பு. அங்கேயும் 30தான் என்றால், அது வெறும் மலிவுக் கிழங்கு. உத்தரப் பிரதேசத்தில் மாசி, பங்குனியில் அறுவடை செய்து, குளிர்பதனக் கிடங்கில் மாசக்கணக்கில் வைத்து விடுவார்கள். சமவெளி, பெரிய பரப்பு, சொந்த விதை. நமக்கோ சரிவு நிலம், சின்னத் துண்டு, வெளிநாட்டிலிருந்து வர வேண்டிய விதைக்கிழங்கு, வெளிறல் நோய்க்கு மருந்து. குவிக்காமலே அவங்க நம்மை வென்றுவிடலாம்.

விசாரணையில் இன்னொரு படியும் இருக்கு. நட்டம் வந்தது அந்த இறக்குமதியால்தான் என்று நிரூபிக்கணும், மற்றக் காரணங்களைத் தனியாகப் பிரித்துக் காட்டணும். 2021இல் இரசாயன உரத்தைத் தடை செய்தார்களே, அந்த வருஷத்து நட்டத்தை ஆக்ராவின் தலையில் கட்ட முடியாது.

இலங்கைக்கு இப்படி விசாரிக்க ஒரு சட்டம் கிடைத்ததே 2018இல்தான். 1995இலேயே உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்த நாடு! விண்ணப்பத்தை வணிகத் திணைக்களத்திடம் கொடுக்கணும். அதோடு, அந்தப் பொருளின் உள்நாட்டு உற்பத்தியில் குறைந்தது கால் பங்கையாவது செய்பவர்கள் ஆதரவு தரணும் என்பது உலக விதி. ஒரு சீமெந்துக் கம்பனிக்கு அது ஒரு கடிதம். ஆயிரக்கணக்கான அரை ஏக்கர், கால் ஏக்கர்காரர்களுக்கு? விலைப் பதிவு, செலவுக் கணக்கு, வக்கீல்... வெலிமடையில் யார் கையில் இருக்கு? அதனாலதான் விவசாயி விசாரணை கேட்காமல் வர்த்தமானியைக் கேட்கிறார். விசாரணைக்கு மாசக்கணக்கு ஆகும், கிழங்கு மூடையிலேயே முளைச்சிடும்.

என்னுடைய முடிவு இதுதான்: பாதிப்பு உண்மை, "குவிப்பு" என்ற பேர் பெரும்பாலும் பொருந்தாது. கோபம் வர வேண்டிய இடம் வரியின் நேரம். அறுவடைக்கு முந்தி வரி குறைவாக இருக்கும்போதே கிடங்கு நிறைஞ்சிடுது. பிறகு ஏத்தும் வரி, ஏற்கனவே உள்ளே வந்த கிழங்கைத் தொடாது. அந்த லாபம் விவசாயிக்கும் இல்லை, வாங்கித் தின்பவருக்கும் இல்லை.

இதையெல்லாம் அம்மாவுக்கு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுட்டு, "அந்த விசாரணையில கெழங்கு கிண்டுறவங்க கணக்குல வருவாங்களா?" என்றாங்க. விதியை மறுபடி பார்த்தேன். கூலி, வேலைவாய்ப்பு என்று இரண்டு சொல் இருக்கு, உள்நாட்டுத் தொழிலின் நிலையை அளக்கும் பட்டியலில். விண்ணப்பிக்கிற உரிமை உற்பத்தியாளருக்கு. தொழிலாளருக்காகத் தொழிற்சங்கம் ஆதரவு தரலாம் என்றும் ஒரு அடிக்குறிப்பு சொல்லுது. கைக்காசுக்குப் போறவங்களுக்கு எந்தச் சங்கம் என்று அம்மா கேட்கல. பாக்கிக் கூலி இன்னும் வரல.