உம்மாவின் வளவும் ஊரின் வரைபடமும்

அண்மையில் தரம் 8 பிள்ளைகளிடம் ஒரு சின்ன வேலை கொடுத்தோம். "உங்கட வீட்டையும் சுற்றியுள்ள வீடுகளையும் வரைந்து, யார் யார் இருக்கிறார்கள் என்று எழுதி வாங்க." மறுநாள் வந்த படங்கள் எல்லாம் ஒரே கதையைத்தான் சொல்லின. நடுவில் எங்கட வீடு, வலப்பக்கம் சாச்சி வீடு, இடப்பக்கம் பெரியம்மா வீடு, பின்னால் ஒரு சின்ன அறையும் குசினியும், அதில் மூத்தம்மா. வாப்பாவின் சகோதரர்கள் பக்கத்தில் இருப்பதாக எழுதியவர்கள் மிகச் சிலரே. அவர்கள் வேறு தெருக்களில், தங்கள் மனைவிமாரின் வளவுகளில் இருக்கிறார்கள்.

வரிப்பத்தான்சேனையில் பிறந்து வளர்ந்த நமக்கு இதில் ஆச்சரியம் எதுவுமில்லை. இலங்கையின் வேறு பகுதிகளிலிருந்து வந்த ஒருவர் பார்த்தால் வியந்துபோவார். நமது ஊர்களின் வரைபடத்தை எந்த நகரத் திட்ட அதிகாரியும் வரையவில்லை, நமது உம்மாமாரின் கலியாணங்கள்தான் வரைந்தன. நகரத் திட்டம் பற்றிப் பேசுபவர்கள் இதை மறந்தால் என்ன நடக்கும் என்பதற்கு நமது கரையோரமே சாட்சி. அதைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

*தாய்வழி வந்த காணி*

பழைய மட்டக்களப்புத் தேசத்தில் தமிழரும் முஸ்லிம்களும் தாய்வழிக் குடிமுறையைப் பகிர்ந்து வாழ்ந்தார்கள். (அம்பாறை தனி மாவட்டமானது 1961 இல்தான்.) பிள்ளை உம்மாவின் குடியைச் சேரும், வாப்பாவின் குடியை அல்ல. பள்ளிவாசல் நிர்வாகத்திலும் குடிக்கொரு மரைக்கார் என்ற ஒழுங்கு இருந்தது. அன்றைய 'உள்ளூராட்சி' என்று அதைத்தான் சொல்ல வேண்டும்.

இப்பகுதியில் வழங்கிய முக்குவச் சட்டத்தின்படி முதுசம் தாய்வழியே இறங்கியது. ஆங்கிலேயரின் 1876 ஆம் ஆண்டு வாரிசுரிமைக் கட்டளைச் சட்டத்துக்குப் பிறகு அதன் செல்வாக்கு மங்கியது. முஸ்லிம்களுக்கு 1931 இல் தனி வாரிசுரிமைக் கட்டளைச் சட்டம் வந்தது. இரண்டுக்குப் பிறகும் நம்மவர் வழக்கம் மாறவில்லை. காரணம் எளிது. வாரிசுரிமைச் சட்டம் மௌத்துக்குப் பிறகே பேசும். நம்மவர்களோ உயிரோடு இருக்கும்போதே மகளின் பெயருக்கு உறுதி எழுதிவிடுகிறார்கள். 1951 ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் மாப்பிள்ளைக்குக் கொடுக்கும் கைக்கூலியைப் பற்றிப் பேசுகிறது. அதுவும் பணம், அசையும் பொருள் என்பவற்றோடு நின்றுவிட்டது. வீடும் வளவும் அதற்குள் வரவில்லை. நமது சமூகத்தின் மிகப் பெரிய சொத்துக் கைமாற்றம் இந்தச் சட்டங்களுக்கு வெளியே, நொத்தாரிசின் மேசையில் நடந்துகொண்டிருக்கிறது.

இது நமக்கு மட்டும் உரிய வழக்கமல்ல. தமிழ்நாட்டின் காயல்பட்டினத்திலும் மாப்பிள்ளை பெண் வீட்டுக்குத்தான் போகிறார். பெண்கள் பெருந்தெருவுக்கு வராமலே உறவினர் வீடுகளுக்குப் போய்வர அங்கே தனி முடுக்குகள் உண்டு. நமது ஊர்களில் அதே வேலையைச் செய்தது பின்வேலியில் விட்ட இடைவெளி. மேற்குச் சுமாத்திராவின் மினாங்கபாவு முஸ்லிம்களிடமும் வீடும் வயலும் தாயிடமிருந்து மகளுக்கே போகின்றன.

*கடலுக்கும் வயலுக்கும் நடுவே*

இந்த வழக்கத்துக்கு ஒரு கணக்கு உண்டு. ஒரு வளவு, மூன்று மகள்மார் என்றால் மூன்று துண்டு. அடுத்த தலைமுறையில் ஒவ்வொரு துண்டும் இன்னும் இரண்டு மூன்றாகும். காணி நிறைய இருந்த காலத்தில் இது பிரச்சினையாகத் தெரியவில்லை. ஆனால் கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனைப் பக்கம் போய்ப் பாருங்கள். கிழக்கே கடல். மேற்கே வயல், அதை நிரப்புவதற்கு 2000 ஆம் ஆண்டின் கமநல அபிவிருத்திச் சட்டம் தடை. நடுவில் ஒரு ஒடுங்கிய மணல் நாடா. கல்முனை மாநகர எல்லைக்குள் மட்டும் ஏறத்தாழ ஒரு இலட்சம் பேர்.

நகர அபிவிருத்தி அதிகார சபையின் விதிகளின்படி, வீட்டுக் காணித் துண்டு ஒன்று பொதுவாக 150 சதுர மீற்றருக்கு, அதாவது 6 பேர்ச்சஸுக்குக் குறையக் கூடாது. விதி நியாயமானதுதான். காற்று வர வேண்டும், கிணற்றுக்கும் மலசலகூடக் குழிக்கும் நடுவே இடைவெளி வேண்டும், தீயணைப்பு வண்டி உள்ளே வர வேண்டும். ஆனால் 10 பேர்ச்சஸ் காணியும் இரண்டு குமருமாக நிற்கும் வாப்பாவுக்கு அந்த விதி என்ன வழி சொல்கிறது? எதுவுமில்லை. அதனால் அவர் அனுமதி கேட்காமலே சுவரை எழுப்புகிறார்.

*2004 டிசம்பர் 26*

சுனாமியில் இலங்கையிலேயே அதிக உயிர்களை இழந்தது நமது மாவட்டம், பத்தாயிரத்துக்கும் மேல். அல்லாஹ் அவர்களைப் பொருந்திக்கொள்வானாக. கடலோரத்தில் நெருக்கமாகக் கட்டப்பட்டிருந்த சீதன வீடுகள் வரிசை வரிசையாகப் போயின.

பிறகு கொள்கைகள் வந்தன. முதலில் வந்தது கடலோரத் தடை வலயம். தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர். நமது ஒடுங்கிய கரையில் 200 மீற்றர் என்பது ஊரின் பெரும் பங்கு. பின்னர் அது தளர்த்தப்பட்டது, நம் பக்கம் 65 மீற்றர் என்ற கணக்கு நிலைத்தது.

முழுதாக உடைந்த வீட்டுக்கு 2,50,000 ரூபாய், பகுதியாக உடைந்ததற்கு 1,00,000 ரூபாய் என்றார்கள். படிவத்தில் 'குடும்பத் தலைவர்' என்று ஒரு கட்டம். அதில் பெரும்பாலும் கணவனின் பெயர் எழுதப்பட்டது. அலை அடித்துப் போன வீடு மனைவியின் சீதனம். புதிதாகக் கிடைத்த வீடோ கணவனின் பெயரில். வேண்டுமென்று யாரும் செய்யவில்லை. வீட்டின் சொந்தக்காரர் ஆண்தான் என்று படிவம் தயாரித்தவர் எண்ணியிருக்கிறார். நூற்றாண்டுகளாகப் பெண் கையில் இருந்த ஒன்று ஒரு பேனாக் கோட்டில் கை மாறியது.

கல்முனையில் கிறீன் ஃபீல்ட் மாடி வீடுகள் எழுந்தன. கூரை கிடைத்தது, நன்றி மறக்கக் கூடாது. ஆனால் மாடி வீட்டுக்கு முற்றம் இல்லை, பின்வேலி இல்லை. இரண்டாவது மகளுக்கு எங்கே ஒரு அறை இறக்குவது? நுரைச்சோலையில் சவூதி அரேபியாவின் உதவியுடன் கட்டிய 500 வீடுகளின் கதை வேறு. 2009 இல் உச்ச நீதிமன்றம் வரை போய், பகிர்ந்தளிப்பு நின்று, வீடுகள் பல ஆண்டுகள் காடு பற்றிக் கிடந்தன. வீடு என்பது சுவரும் கூரையும் மட்டுமல்ல, யாருக்கு, எந்த மண்ணில், யார் பக்கத்தில் என்பதும்தான் என்ற பாடத்தை இரண்டும் நமக்குச் சொல்லித்தந்தன.

*நமது பக்கக் கதை*

நாம் கடலிலிருந்து தள்ளி, வயலும் குளமுமாக இருப்பவர்கள். நமக்குக் காணிப் பிரச்சினை வேறு உருவத்தில் வந்தது. 1949 இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தோடு இம்மாவட்டத்தில் அரச காணி பெரிய அளவில் பேர்மிட் மூலம் பகிரப்பட்டது. அந்தப் பேர்மிட்டை ஆண்டது 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம். அதன் வாரிசு வரிசையில் மகள்மாருக்கு முன்னால் மகன்மார். பெயர் குறிக்காமல் வாப்பா மௌத்தானால் காணி மகன் பக்கம் போகும். 2022 ஆம் ஆண்டுத் திருத்தம்தான் இந்த ஆண், பெண் வேறுபாட்டை நீக்கியது. 87 வருடங்கள்!

*இனி?*

இந்த வழக்கத்தைப் புகழ்ந்து பாட நாம் எழுதவில்லை. நமது வகுப்பில் ஒரு பிள்ளை இருக்கிறாள். அவளுடைய உம்மா மத்திய கிழக்கில் வீட்டு வேலை செய்கிறார், மகளுக்கு வீடு கட்டுவதற்காக. அந்தப் பிள்ளைக்கு வீடு வளர்கிறது, உம்மா இல்லை. மார்க்கம் மஹரைக் கொடுக்கச் சொன்னது ஆணை. நாமோ பெண்ணைப் பெற்றவர்களிடம் வீட்டைக் கேட்கிறோம். மிம்பர்களில் இதைப் பேசுகிறோம், கலியாணப் பேச்சில் மறந்துவிடுகிறோம்.

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். கலியாணம் முறிந்தால் நமது ஊரில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியேறுபவர் பெரும்பாலும் ஆண்தான். பெண்ணும் பிள்ளைகளும் தெருவுக்கு வருவதில்லை. உம்மா பக்கத்தில், சாச்சி பக்கத்தில் இருக்கிறார்கள். பேறுகாலத்திலும் நோயிலும் முதுமையிலும் அந்த வளவுதான் ஆஸ்பத்திரி, அதுதான் முதியோர் இல்லம். மாப்பிள்ளை வீட்டார் பேரம் பேசி வாங்குவது அநியாயம். மகளுக்கு ஒரு கூரையை உறுதிப்படுத்துவது பாதுகாப்பு. இரண்டையும் ஒரே பெயரில் அழைப்பதால்தான் நமது விவாதங்கள் எங்கும் போய்ச் சேர்வதில்லை.

சபைகளுக்கும் அதிகாரிகளுக்கும் நாம் கேட்கக்கூடியவை பெரியவையல்ல. எந்த வீட்டுத்திட்டம் வந்தாலும் உறுதி மனைவியின் பெயரிலோ கூட்டாகவோ இருக்கட்டும். துண்டாட முடியாத காணியில் மேல்மாடி கட்டி, வெளியே தனிப் படி வைத்து, இளையவளுக்குக் கொடுப்பவர்கள் இப்போதே நம்மிடையே இருக்கிறார்கள். மாடிகளுக்குத் தனித்தனி உறுதி பெற 1973 ஆம் ஆண்டின் தொடர்மாடி உடைமைச் சட்டம் வழி வைத்திருக்கிறது. அதை நமது மக்களுக்குச் சொல்லிக் கொடுத்து, மலிவாக வரைபடம் எடுக்க உதவினால் போதும்.

நாம் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. இன்றிரவு வீட்டில் உறுதியையோ பேர்மிட்டையோ எடுத்து, யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். வாரிசு பதியப்படாமல் கிடந்தால் பிரதேச செயலகத்துக்குப் போங்கள். மூத்தம்மா உயிரோடு இருந்தால், இந்த வளவு அவருக்கு யாரிடமிருந்து வந்தது என்று கேட்டு எழுதி வையுங்கள். நமது ஊரின் வரலாற்றில் பாதி அந்தப் பின்னறையில்தான் இருக்கிறது.