தூமகேதுவைக் கேள்வி கேட்ட கவிஞர்

1910ஆம் ஆண்டு மே மாதம் 18ஆம் நாள் இரவு, உலகின் பல நகரங்களில் மக்கள் சரியாக உறங்கவில்லை. கதவு, சன்னல் இடுக்குகளைத் துணியால் அடைத்துக்கொண்டவர்கள் உண்டு. அமெரிக்காவில் ‘வால்மீன் மாத்திரை’ விற்றுக் காசு பார்த்தவர்களும் உண்டு! ஹாலி வால்மீனின் வாலுக்குள் பூமி புகுந்து வெளிவரும் என்று வானநூலார் கணக்கிட்டிருந்ததே காரணம்.

வால் பட்டால் என்ன என்று கேட்பீர்கள். அவ்வாண்டு பிப்ரவரியில், நிறமாலை ஆய்வின் வழியாக, அந்த வால்மீனில் சயனோஜன் என்னும் நச்சு வாயு இருப்பதை அமெரிக்காவின் யெர்க்ஸ் வானாய்வுக் கூடத்தினர் கண்டறிந்தனர். அது நம் காற்றில் கலந்து உயிர்களை மாய்த்துவிடக்கூடும் எனப் பிரெஞ்சு வானநூலார் பிளம்மாரியோன் கருதுவதாக நாளேடுகள் எழுதின. போதாக்குறைக்கு மே 6இல் ஏழாம் எட்வர்டு மன்னரும் இறந்தார். வால்நட்சத்திரம் முளைத்தால் அரசனுக்கு ஆகாது என்பவர்களுக்கு வேறென்ன சான்று வேண்டும்?

உண்மை என்ன? அந்த வால் கோடிக்கணக்கான கிலோமீட்டர் நீளம். ஆனால் ஆய்வுக்கூடத்தில் காற்றை அகற்றி நாம் உண்டாக்கும் வெற்றிடத்தைக் காட்டிலும் மெல்லியது. அதிலும் சயனோஜன் மிகச் சிறு பங்கே. அறிஞர் பலர் இதை அன்றே சொன்னார்கள். அச்சம் அவர்களை முந்திக்கொண்டது. மறுநாள் வழக்கம்போல் விடிந்தது.

அந்நாளில் பாரதியார் புதுச்சேரியில் இருந்தார். ‘சாதாரண வருஷத்துத் தூமகேது’ என்று ஒரு கவிதை எழுதினார். (‘சாதாரண’ என்பது 1910 ஏப்ரலில் பிறந்த தமிழ் ஆண்டின் பெயர்.) கிழக்கே வெள்ளியின் அருகில் வால்மீன் ஒளிர்வதாக அதில் கூறுகிறார். அவ்வாண்டு மே மாத முற்பகுதியில், விடியலுக்கு முன், இரண்டும் கீழ்வானில் தெரிந்தன. வால் மிக மெல்லிய வாயுவால் ஆனது, பூமியைத் தீண்டினாலும் தீங்கு செய்யாது, 75 ஆண்டுக்கு ஒருமுறை வருவது என்ற செய்திகளெல்லாம் கவிதையில் உள்ளன.

பிறகு கேள்விகள் தொடங்குகின்றன. நீ உலகைத் துயரில் ஆழ்த்துவாய் என்கிறார்களே, மெய்யா, பொய்யா? நீ தரும் தண்டனை பூமியைத் தூய்மையாக்கவே என்கிறார்களே? உன் வரவால் எம்மிடையே ஞானம் மீண்டும் பிறக்கும் என்கிறார்களே? ஊரார் அழிவுக்குச் சொன்ன குறியிலேயே கவிஞர் விடிவைத் தேடுகிறார். ஆனால் எதையும் நம்பிவிடவில்லை என்பதைக் கவனியுங்கள். கேட்கத்தான் செய்கிறார். இந்த நிதானம்தான் எனக்கு மிகவும் பிடித்தது.

நடுவில் ஒரு வேதனையும் உண்டு. நம் நூல்களை நாமே மறந்து பன்னூறு ஆண்டுகள் ஆயின. உன் இயல்பை அன்னியர் சொல்லியே அறிந்தோம் என்கிறார். அது மிகையன்று. அதே வால்மீனைக் கொடைக்கானல் வானாய்வுக் கூடத்தில் படம்பிடித்தவர் எவர்ஷெட் என்ற ஆங்கிலேயர். மறந்தவற்றுள் புறநானூற்று 117ஆம் பாட்டையும் சேர்க்கலாம். சனி புகைந்தாலும், தூமகேது தோன்றினாலும், பாரியின் நாட்டில் மழை பொய்த்ததில்லை என்று அதில் கபிலர் கூறியிருக்கிறார்.

1986இல் ஹாலி மீண்டும் வந்தபோது, ஐரோப்பாவின் ஜியோட்டோ விண்கலம் அதிலிருந்து சுமார் 600 கிலோமீட்டர் தொலைவு வரை சென்றது. ஏறத்தாழ 15 கிலோமீட்டர் நீளமுள்ள, கரிபோன்ற கருமையான கருவைப் படம்பிடித்தது. 2023 டிசம்பரில் சூரியனிலிருந்து தன் மிகத் தொலைவான இடத்தைத் தொட்டுவிட்டு, அது இப்போது திரும்பிக்கொண்டிருக்கிறது. 2061 ஜூலையில் அது சூரியனை நெருங்கும்போது உங்கள் வயது என்ன என்று கணக்கிட்டுப் பாருங்கள்.