பழம்பதிப்புகளும் அங்குல அளவும்

பதிப்பு வரலாற்றை ஆராய்வார், நூலின் நீள அகலங்களையும் சான்றெனக் கொள்ளல் வேண்டும். 1901இல் பாண்டித்துரைத் தேவர் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய காலத்தில், அச்சுத்தாள்கள் கிரௌன், டெம்மி என்னும் ஆங்கிலப் பெயர்களாலேயே வழங்கின. அவற்றின் அளவும் அங்குலமே. கிரௌன் தாள் 20 அங்குல நீளமும் 15 அங்குல அகலமும் உடையது. அதனை மும்முறை மடிப்பின் 8 இதழ்கள், அஃதாவது 16 பக்கங்கள் அமையும். ஓரம் நறுக்குமுன் பக்கத்தின் அளவு 7½ × 5 அங்குலமாம்.

1956ஆம் ஆண்டுச் சட்டத்தால் மெட்ரிக் அளவை நம் நாட்டிற்கு உரியதாயிற்று. ஓர் அங்குலம் 2.54 சென்டிமீட்டர் ஆதலின், 7½ அங்குலம் 19.05 சென்டிமீட்டர் ஆகும். நூலகப் பட்டியல் மரபோ, பின்னத்தை அடுத்த முழு எண்ணாக உயர்த்தி, ஓரம் நறுக்காத அந்நூலை 20 சென்டிமீட்டர் என்றே குறிக்கும். மறுபதிப்புச் செய்வார் அதனை நம்பி மீண்டும் அங்குலமாக்கின், ஏறத்தாழ 7.87 கிடைக்கும். மூலத்தில் இல்லாத உயரம், அங்குலத்தின் மூன்றிலொரு பங்கிற்கும் மேலாகப் புகுந்துவிடும்.

இழப்பு அவ்வளவில் நில்லாது. தாளின் பெயர் தெரிந்தாலன்றி மடிப்பு விளங்காது. மடிப்பு விளங்காவிடின், படியில் இதழ் குறைந்துள்ளதா என்பதைத் துணிதல் அரிது. ஆதலின், மதுரைப் பதிப்புகளுக்கு அட்டவணை தொகுப்பார், அளந்த மில்லிமீட்டரோடு அங்குலத்தையும் தாட்பெயரையும் உடன்குறித்தல் கடனாம்.