சவலைப் பிள்ளையும் கேழ்வரகுப் பாலும்

தமிழில் 'சவலை' என்றொரு சொல் இருக்கிறது. கைக்குழந்தை இருக்கும்போதே தாய் மறுபடி கருவுற்றால் பால் வற்றும். மடியில் இருக்கும் பிள்ளை இளைத்துப்போகும். அதுதான் சவலைப் பிள்ளை. யாப்பிலக்கணக்காரர்களும் இந்தச் சொல்லை எடுத்துக்கொண்டார்கள். இரண்டாம் அடியில் தனிச்சொல் இல்லாமல் குறைந்து நிற்கும் வெண்பாவைச் சவலை வெண்பா என்றார்கள். பாட்டின் குறையைச் சொல்லப் பால் இழந்த குழந்தையின் பெயர் உதவியிருக்கிறது என்றால், அந்தக் காட்சி எவ்வளவு பழகியதாக இருந்திருக்க வேண்டும்!

கிட்டத்தட்ட இதே பொருள் கொண்ட சொல் ஒன்று மேற்கு ஆப்பிரிக்காவிலும் இருந்தது. இன்றைய கானா அப்போது கோல்டு கோஸ்ட் என்ற பிரிட்டிஷ் காலனி. அங்கே பணியாற்றிய மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ், உடல் வீங்கி, தோல் உரிந்து, முடி நிறம் மாறிச் சாகும் சிறு குழந்தைகளைத் தொடர்ந்து பார்த்தார். 1933இல் அதுபற்றி எழுதினார். இது ஏற்கெனவே தெரிந்த பெலாக்ரா நோய்தான் என்று மறுத்தவர்கள் உண்டு. வில்லியம்ஸ், கா மொழி பேசும் மக்கள் அந்த நோயை அழைத்த பெயரையே தலைப்பாக்கி, 1935இல் லான்செட் இதழில் மீண்டும் எழுதினார். குவாஷியோர்கர்: அடுத்த குழந்தை வந்ததால் இடம் இழந்த குழந்தைக்கு வரும் நோய் என்று பொருள். இன்று உலகெங்கும் மருத்துவ மாணவர்கள் படிக்கும் பெயர் இது. நோயை முதலில் இனம் கண்டு, அதன் காரணத்தையும் பெயருக்குள்ளேயே வைத்தவர்கள் யார் என்பதைப் பாடப்புத்தகம் சொல்வதில்லை.

பிள்ளை சவலையாகாமல் காக்கப் பெண்கள் என்ன செய்தார்கள்? அந்தக் கேள்வி நம்மை அடுப்படிக்கு அழைத்துப்போகிறது. தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் கேழ்வரகு. ஊறவைத்து அரைத்து, துணியில் வடிகட்டிப் பால் எடுத்துக் காய்ச்சுவார்கள். அல்லது துணியில் முடிந்து முளைகட்டி, உலர்த்தி, வறுத்து, திருகையில் அரைத்து, மெல்லிய துணியில் சலித்து வைப்பார்கள். கன்னியாகுமரியில் ஏத்தங்காயைச் சீவிக் காயவைத்துப் பொடியாக்கினார்கள். நெல் விளையும் ஊர்களில் குழைந்த சோற்றைப் பருப்போடு சேர்த்துக் கையால் மசித்தார்கள். கட்டி தட்டாமல் கிண்டவும், சூடு பார்க்கவும், எந்தப் பதத்தில் பிள்ளை விழுங்கும் என்று அறியவும் கைப்பழக்கம் வேண்டும்.

முளைகட்டுவதில் உள்ள நுட்பத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். தானிய மாவைக் காய்ச்சினால் கெட்டியாகும். ஆறு மாதக் குழந்தையால் அதை விழுங்க முடியாது. தண்ணீரைக் கூட்டினால் விழுங்கும். ஆனால், குழந்தையின் இரைப்பை சிறியது. வயிறு நிறையும், சத்து சேராது. முளைக்கும் தானியத்தில் அமைலேஸ் என்ற நொதி உண்டாகிறது. அது மாவுச்சத்தை உடைத்துக் கஞ்சியை இளக்குகிறது. ஆகவே, அதே அளவு கஞ்சியில் அதிக மாவு சேர்க்கலாம். பரோடா பல்கலைக்கழகத்தில் தாரா கோபால்தாஸும் அவருடைய குழுவினரும் 1980களில் இதை ஆராய்ந்தார்கள். சிறிதளவு முளைமாவைக் கலந்தாலே கெட்டிக் கஞ்சி இளகிவிடும் என்று காட்டினார்கள். நொதியின் பெயர் தெரியாமலேயே அதை வேலைக்கு வைத்திருந்த அறிவு, பெண்கள் கைமாற்றிக் கொடுத்துவந்தது.

இப்படிச் சொல்வதால், பழைய வழக்கம் எல்லாமே நல்லது என்றாகிவிடாது. பிறந்ததும் சீம்பாலைப் பீய்ச்சி எறிந்துவிட்டுச் சேனை என்று சர்க்கரைத் தண்ணீரைத் தொட்டுவைத்ததும் நம் வீடுகள்தான். வடிகட்டித் தூக்கிப்போடும் கேழ்வரகுச் சக்கையோடு சத்தும் போகத்தான் செய்கிறது. பெண்களின் அறிவுக்கும் மற்ற அறிவைப்போலவே சரியும் தவறும் உண்டு. சிக்கல் என்னவென்றால், தவறைக் காட்டும்போது மட்டும் 'தாய்மார்களின் அறியாமை' என்று அது எழுதப்பட்டது. சரியாக இருந்ததற்கு யார் பெயரும் வரவில்லை. சடங்கும் அப்படித்தான். முதல் சோறு ஊட்டும் நாளில் கோயிலும் புரோகிதரும் தாய்மாமன் மடியும் முன்னால் வருகின்றன. அது ஒரு வேளை. ஆறு மாதம் முதல் இரண்டு வயது வரை, நாளுக்கு மூன்று முறை என்று கணக்கிட்டாலும் 1600 வேளை. அவற்றைப் பற்றி எந்தச் சாஸ்திரமும் கவலைப்படவில்லை.

அந்த 1600 வேளையும் சந்தையின் கண்ணில் பட்டது. 1867இல் ஹென்றி நெஸ்லே சுவிட்சர்லாந்தில் பாலும் கோதுமையும் கலந்த மாவைக் குழந்தை உணவாக விற்கத் தொடங்கினார். காலனிகளில் இனிப்பூட்டிய டப்பாப் பால் பரவியது. கோல்டு கோஸ்டிலிருந்து மலாயாவுக்கு மாற்றப்பட்ட அதே சிசிலி வில்லியம்ஸ், 1939இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் 'பாலும் கொலையும்' என்ற தலைப்பில் பேசி, அந்த விற்பனையால் குழந்தைகள் சாவதைக் கொலை என்றே சொன்னார். நம் ஊரில் ஃபாரெக்ஸ் டின் நடுத்தர வர்க்க வீட்டு அலமாரிக்கு வந்தது, செரிலாக் பின்தொடர்ந்தது. வீட்டுக் கூழ் ஏழ்மையின் அடையாளமானது. 1992இல் இந்தியா இதற்கென ஒரு சட்டம் இயற்றி, 2003இல் அதை இறுக்கியது. இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கான உணவை விளம்பரம் செய்யக்கூடாது; டப்பாவில் குழந்தையின் படமோ பெண்ணின் படமோ இருக்கக்கூடாது.

சந்தை ஒருபுறம் என்றால், விஞ்ஞானமும் வெகுகாலம் சமையலறையைக் குறைசொன்னது. ஐக்கிய நாடுகள் அவையின் அமைப்புகள் 1955இல் புரதத்துக்கென்றே ஓர் ஆலோசனைக் குழுவை அமைத்தன. ஏழைநாட்டுக் குழந்தைக்குக் குறைவது புரதம், அதை ஆலையில் செய்த கலவையால் நிரப்ப வேண்டும் என்பதே அப்போதைய நம்பிக்கை. இதை மறுத்தவர்களில் முக்கியமானவர் சேலத்தில் பிறந்த சி. கோபாலன். குன்னூரில் தொடங்கி 1958இல் ஹைதராபாத்துக்கு இடம்பெயர்ந்த ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்தை அவர் வழிநடத்தினார். வீங்கிய குழந்தையும் வற்றிய குழந்தையும் ஒரே வகை உணவைத்தான் உண்டுவந்தன. குறைந்தது புரதம் மட்டுமல்ல, சாப்பாட்டின் அளவே என்பது அவருடைய முடிவு. 1974இல் டொனால்டு மக்லாரன் லான்செட்டில் புரதக் கொள்கையையே பெருந்தோல்வி என்று எழுதினார்.

இந்த முடிவைப் பெண்களின் பக்கத்திலிருந்து படிக்க வேண்டும். வீட்டுத் தானியமும் பருப்பும் அளவு போதாமல்தான் தோற்றன. அளவு கூட வேண்டுமென்றால் வீட்டில் தானியம் வேண்டும். சிறு வயிறு என்பதால் அடிக்கடி ஊட்டவும் வேண்டும். அதற்கு வேண்டியது நேரம். காலையில் நடவுக்குப் போகும் பெண் விடியலில் ஒரு முறை ஊட்டலாம், இருட்டியபின் ஒரு முறை ஊட்டலாம். பகல் பத்து மணிக்கு யார் ஊட்டுவது? பெரும்பாலும் அந்த வீட்டின் மூத்த பெண்பிள்ளை. தம்பியை இடுப்பில் சுமந்ததால் பள்ளிக்கூடம் போகாத அக்காக்களின் கணக்கு எந்த ஊட்டச்சத்து அறிக்கையிலும் இல்லை.

1980இல் உலக வங்கிக் கடனோடு தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் இந்த வேலையைக் கொஞ்சம் வீட்டுக்கு வெளியே எடுத்துவந்தது. 6 முதல் 36 மாதக் குழந்தைகளை மாதந்தோறும் எடைபோட்டு, எடை ஏறாத பிள்ளைக்குக் கூடுதல் உணவு கொடுத்தார்கள். எடை போட்டதும் ஊட்டியதும் தாய்மாரிடம் பேசியதும் அந்தந்த ஊர்ப் பெண்கள். இன்று அங்கன்வாடியில் வாங்கும் சத்துமாவிலும் தானியம், கடலை, வெல்லம் என்று அந்தப் பழைய கைப்பக்குவத்தின் சாயல் இருக்கிறது. அதைத் தயாரிப்பதில் மகளிர் கூட்டுறவுச் சங்கங்களுக்குப் பங்கு உண்டு. ஆனால், 1975இல் தொடங்கிய அங்கன்வாடித் திட்டத்தில் ஊட்டும் பெண் தொழிலாளியாகக் கருதப்படவில்லை. அவருக்குக் கிடைப்பது சம்பளம் அல்ல, மதிப்பூதியம். அங்கன்வாடிப் பணியாளர்களுக்குப் பணிக்கொடை பெறும் உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொல்ல 2022 ஆனது. வீட்டில் கூலியில்லாத வேலை, வெளியே வந்தாலும் தொண்டாகவே பார்க்கப்பட்டது.

வேலைக்குப் போகும் தாய்க்குச் சட்டம் தருவதையும் பார்ப்போம். 1961இன் மகப்பேறு சட்டம் 12 வாரம் தந்தது. 2017இல் அது 26 வாரமானது. 26 வாரம் என்பது ஆறு மாதம். தாய்ப்பால் மட்டும் போதும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லும் காலமும் ஆறு மாதம்தான். அதாவது, மசித்த உணவு தொடங்கும் நாளில் விடுப்பு முடிகிறது. பிரசவத்துக்கு முன்பே சில வாரம் எடுத்தவருக்கு அதற்கும் முன்னால். இதுவும் அமைப்பு சார்ந்த வேலையில் இருக்கும் பெண்களுக்குத்தான். வயலிலும் கட்டடத்திலும் பிறர் வீட்டு அடுப்படியிலும் உழைப்பவருக்கு அந்த 26 வாரமும் இல்லை. 2011இல் தமிழக அரசு விலையில்லா மிக்சியும் கிரைண்டரும் கொடுக்கத் தொடங்கியது. அரைக்கும் வேலை குறைந்தது உண்மை. ஊட்டும் வேலைக்கு இயந்திரம் கிடையாது.

தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாவது சுற்றின்படி, 6 முதல் 23 மாதம் வரையுள்ள இந்தியக் குழந்தைகளில் போதுமான உணவு பெறுவோர் நூற்றுக்குச் சுமார் 11 பேர். இந்த எண்ணைக் கேட்டதும் தாய்க்குப் பாடம் நடத்தத்தான் எல்லோருக்கும் தோன்றுகிறது. இன்னொரு பக்கம், கூலிக்காரர் உணவென்று ஒதுக்கப்பட்ட முளைகட்டிய கேழ்வரகு மாவு, பாட்டி கைப்பக்குவம் என்ற பெயரில் நல்ல விலைக்குப் போகிறது. பாட்டிக்கு அதில் பங்கில்லை.

சவலை என்ற சொல், வரப்போகும் குழந்தையைக் காரணம் காட்டுகிறது. அந்த இரண்டாவது கர்ப்பம் அவள் கேட்டு வந்ததா என்று அது கேட்பதில்லை. அவள் வயலில் இருக்கும்போது ஊட்ட யாரை வைத்தோம் என்றும் கேட்பதில்லை. அப்பா எங்கே இருந்தார் என்ற கேள்வியும் அதில் இல்லை. குழந்தை ஏன் மெலிந்தது என்று இனி எழுதுகிறவர்கள், கிண்ணத்தில் என்ன இருந்தது என்பதோடு, பகல் பத்து மணிக்கு அந்தக் கிண்ணத்தைக் கையில் எடுக்க யார் வீட்டில் இருந்தார்கள் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும்.