விடிகாலை விமானமும் அரைத்தூக்கப் பாடமும்

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம், வாங்க.

மேற்கு ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ஒரு சுரங்கத் தொழிலாளின்னு வெச்சுக்குங்க. விடிகாலை 3 மணிக்கு எழுந்து, குழந்தை முழிச்சுக்காம கதவைச் சாத்திட்டு விமான நிலையம் போறார். ஆயிரம் கிலோமீட்டர் வடக்கே, பில்பாராவின் செம்மண் காட்டில் இறங்கி, பஸ் ஏறி, முகாமில் அறைச் சாவி வாங்குறார். மதியம் பாதுகாப்புப் பயிற்சி வகுப்பு. மாலை 6 மணிக்கு 12 மணி நேர நைட் ஷிப்ட். இரவு 8 மணி ஆகும்போது அவர் கண் விழிச்சு 17 மணி நேரம்.

இந்த 17-க்கு ஒரு கதை இருக்கு. 1997-இல் ட்ரூ டாசன், கேத்ரின் ரீட் என்ற இரண்டு ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 'நேச்சர்' இதழில் ஒரு சிறு கட்டுரை எழுதினார்கள். 17 மணி நேரம் தூங்காமல் இருப்பவரின் செயல்திறன், ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் இருப்பவரின் அளவுக்கு இறங்கிவிடுகிறது. 24 மணி நேரம் ஆனால் 0.10 சதவீதம். ஆஸ்திரேலியாவில் கார் ஓட்ட வரம்பே 0.05 தான். நம்ம ஆள் நள்ளிரவு தாண்டி 3 மணிக்கு ஓட்டுறது 200 டன்னுக்கு மேல் சுமக்கும் லாரி.

அந்த மதிய வகுப்பு மண்டையில் எவ்வளவு நின்றிருக்கும்? புதிதாகப் படித்தது மூளையில் பதிய, முன்னாடியும் தூக்கம் வேணும், பின்னாடியும் தூக்கம் வேணும். இவருக்கு இரண்டும் இல்லை.

முதலில் இப்படி இல்லை. இரும்புத்தாது ஏற்றுமதிக்கு இருந்த தடையை ஆஸ்திரேலியா 1960-இல் தளர்த்தியது. 1966-இல் பில்பாராவிலிருந்து முதல் கப்பல்கள் கிளம்பின. கம்பெனிகளே டாம் பிரைஸ், நியூமன், கோல்ட்ஸ்வொர்தி என்று ஊர்களைக் கட்டின. வீடு, பள்ளிக்கூடம், நீச்சல்குளம் எல்லாம் உண்டு. வேலை சொல்லிக் கொடுக்கிறவர் அடுத்த தெருவில் இருந்தார். மறந்து போனா நாளைக்குக் கேட்டுக்கலாம். பயிற்சி என்பது வகுப்பறைக்கு வெளியேயும் நடந்தது.

1986-இல் ஊழியர்களுக்குத் தரும் சலுகைகள் மீது கம்பெனி வரி கட்டணும்னு சட்டம் வந்தது. வீடு கட்டிக் கொடுப்பதை விட விமானத்தில் கூட்டிட்டு வருவது மலிவு என்ற கணக்குக்கு இதுவும் ஒரு காரணம். ஆயுள் குறைந்த சுரங்கத்துக்கு ஊர் எதுக்கு என்பது இன்னொன்று. நகர வாழ்க்கையை விட குடும்பங்களுக்கும் மனசில்லை. 1992-க்குள் கோல்ட்ஸ்வொர்தி ஊரையே பிரித்து எடுத்துவிட்டார்கள். ஃபிளை-இன் ஃபிளை-அவுட், சுருக்கமாக ஃபைஃபோ, பெருகியது. நாலு வாரம் வேலை, ஒரு வாரம் வீடு என்பது மாதிரியான முறைகள் வந்தன.

ஊர் போனது. ஆனால் பயிற்சி, ஊரில் இருக்கிறவருக்காக எழுதினது அப்படியே இருந்தது. அதே ஸ்லைடு, அதே கையெழுத்து. ஹெல்மெட், வெப்பம், தண்ணீர் குடிப்பது எல்லாம் சொல்வாங்க. ஷிப்ட் முடிஞ்சு 'டோங்கா' என்று அவங்க சொல்ற அந்தச் சின்னப் பெட்டி அறைக்குள் தனியா கதவைச் சாத்தின பிறகு என்ன ஆகும் என்பது பாடத்திட்டத்தில் இல்லை.

தற்கொலைச் செய்திகள் அடுத்தடுத்து வந்த பிறகுதான் மாநில நாடாளுமன்றக் குழு ஒன்று விசாரித்தது. தலைவர் கிரஹாம் ஜேக்கப்ஸ், அரசியலுக்கு வருவதற்கு முன் பொது மருத்துவர். (நம்ம தொழில்காரர் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை!) 2015 ஜூனில் வந்த அறிக்கை தனி நடத்தை விதித் தொகுப்பு வேணும்னு கேட்டது. 2018-இல் கர்ட்டின் பல்கலைக்கழகத்தினர் மாநில மனநல ஆணையத்துக்காக ஆய்வு செய்தபோது, ஃபைஃபோ தொழிலாளர்களில் மூன்றில் ஒருவருக்கு மன உளைச்சல் உயர்ந்த அளவில் இருந்தது. 2019-இல் தொகுப்பு வந்தது. அது வேலை முறை, களைப்பு, தங்குமிடம் மூன்றையும் மனநலக் கணக்கில் சேர்த்தது.

என்னைக் கேட்டால், உண்மையான மாற்றம் வேறொரு பக்கத்திலிருந்து வந்தது. 2008-இல் குயின்ஸ்லாந்தில் கட்டடத் தொழிலாளர்களுக்காக 'மேட்ஸ் இன் கன்ஸ்ட்ரக்‌ஷன்' தொடங்கியது. பிறகு சுரங்கத்துக்கும் போனது. வேலைத்தளத்திலேயே எல்லாருக்கும் ஒரு மணி நேரம். விருப்பப்பட்ட சிலருக்குக் கூடுதல் பயிற்சி: சோர்ந்து போன கூட்டாளியை எப்படிக் கண்டுபிடிப்பது, எப்படிப் பேசுவது, யாரிடம் சேர்ப்பது. சுவரில் ஹெல்ப்லைன் நம்பர் ஒட்டினால் தொழிலாளி கூப்பிட மாட்டார்; 'இவனுக்கு மனசு சரியில்லை'ன்னு பேர் வந்தால் வேலை போயிடுமோன்னு பயம். அதே கேள்வியைப் பக்கத்து டோங்காக்காரர் கேட்டால் பதில் சொல்லுவார். பழைய ஊரின் அடுத்த தெரு ஆசானை வேற வடிவத்தில் திரும்பக் கொண்டு வந்த மாதிரி இது.

இன்னும் ஒரு சிக்கல் பாக்கி. வந்திறங்கிய நாளில் வகுப்பு வேண்டாம், வீட்டில் இருக்கும்போதே லேப்டாப்பில் முடிச்சிடுங்கன்னு சொல்வது சுலபம். அந்த ஒரு வாரத்தில் பாதி நாள் தூக்கக் கடனை அடைக்கவே போயிடும், மீதி நாள்தான் குழந்தைக்கு. அதில் பயிற்சிக்கு எடுக்கிற ஒவ்வொரு மணி நேரத்துக்கும் சம்பளம் கொடுங்க. இல்லைன்னா, தூங்கி எழுந்த மறுநாள் காலையில் முகாமிலேயே வகுப்பு வையுங்க.