துப்பறியும் நாவலும் தமிழ்த் திறனாய்வும்

சிலப்பதிகாரம் கற்றோர் அனைவரும் அறிந்த செய்தி ஒன்றுண்டு. அரசியின் சிலம்பைக் கவர்ந்தவன் பொற்கொல்லன், ஆயினும் அவன் சொல்லே சான்றாயிற்று, கோவலன் வெட்டுண்டான். களவு நிகழ்ந்தமையால் அன்று, விசாரணை நிகழாமையால் ஒரு நகரம் எரிந்தது. தீர்ப்புக்கு முன் ஆய்வு வேண்டும் என்று நம் காப்பியம் கற்பித்தது. வள்ளுவரும் ஒற்றாடலுக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். இத்தகைய மரபுடைய மொழியில், துப்பறியும் நாவல் மட்டும் பெரும்பாலும் படிக்கப்படாமலேயே தண்டனை பெற்றது. அவ்வழக்கை மீண்டும் எடுத்து விசாரிக்க முற்படுகிறோம்.

தமிழின் முதல் நாவலாகிய 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879-இல் வெளிவந்தது. பதினைந்தே ஆண்டுகளில், 1894-இல், நாட்டுப்புறக் கதைகளைத் தொகுத்துப் புகழ்பெற்ற ச. ம. நடேச சாஸ்திரியார் 'தானவன்' என்னும் போலீஸ் நிபுணனைத் தமிழருக்கு அறிமுகம் செய்தார். 1908-இல் ஜே. ஆர். ரங்கராஜுவின் 'இராஜாம்பாள்' வந்தது. துப்பறியும் கோவிந்தன் வீடுதோறும் அறிந்த பெயரானான். ஆரணி குப்புசாமி முதலியார் 'இரத்தினபுரி இரகசியம்' போன்ற பெருநூல்களைத் தழுவித் தந்தார். வடுவூர் கே. துரைசாமி ஐயங்காரின் 'திகம்பர சாமியார்' 1950-இல் திரைப்படமாகவும் வெற்றி கண்டது. 1940-களில் தேவனின் சாம்பு, அறிவால் அன்றி அதிர்ஷ்டத்தால் துப்புத் துலக்கி நம்மைச் சிரிக்கவைத்தான். பின்னர்த் தமிழ்வாணனின் சங்கர்லால், சுஜாதாவின் கணேஷ்–வசந்த், 1980-களின் மாத நாவல்கள், ஆயிரத்தைந்நூறு நாவல்களைக் கடந்த ராஜேஷ்குமார் என இம்மரபு இடையறாது வளர்ந்துள்ளது.

இவற்றின்மீது சுமத்தப்பட்ட குற்றங்கள் இரண்டு. முதலாவது, தழுவல். ரெயினால்ட்ஸ், கானன் டாயில் முதலியோரின் கதைகளைப் பெயரும் ஊரும் மாற்றித் தந்தமையை நாம் மறுப்பதற்கில்லை. புதுமைப்பித்தன் தழுவலைக் கடுமையாகச் சாடியதில் நியாயம் இருந்தது. எனினும் ஒன்றை நினைவிற்கொள்ளல் வேண்டும்: தனித்தமிழ்த் தந்தையாகிய மறைமலையடிகளே ரெயினால்ட்ஸின் கதையொன்றைத் தழுவிக் 'குமுதவல்லி அல்லது நாகநாட்டரசி'யை 1911-இல் ஆக்கினார். தழுவல் அக்காலத்தின் பொதுவழக்கம்; துப்பறியும் நாவலின் தனிக்குற்றம் அன்று. மேலும், தழுவலைக் குற்றமாகக் கொண்டாலும், பின்வந்தோர் தாமே புனைந்தவற்றிற்கும் அதே தண்டனையை நீட்டித்தல் எவ்வாறு முறையாகும்?

இரண்டாவது குற்றம், ஒழுக்கக்கேடு. கொலையும் களவும் நிறைந்த கதைகள் இளைஞரையும் பெண்டிரையும் கெடுக்கும் என்றனர். நூலைத் திறந்து பார்ப்போம். 'இராஜாம்பா'ளில் கதையை நகர்த்துவது, முதியவர் ஒருவர் இளம்பெண்ணை மணக்கத் துடிக்கும் கொடுமை. அவளை விரும்பிய இளைஞன்மீது கொலைப்பழி விழுகிறது. அக்காலச் சமூகத்தின் புண் அது. குற்றக்கதை அப்புண்ணை மறைக்கவில்லை. பலரும் காணுமாறு திறந்து காட்டிற்று.

வழக்கு முறையாக நடவாமையால் நாம் இழந்தவை பல. தமிழ் உரைநடைக்கு விரைவு தந்தவர் யார், பொதுமக்களை அச்சு நூலின்பால் ஈர்த்தவர் யார், போலீஸ் நிலையமும் நீதிமன்றமும் இரயிலும் தந்தியும் தமிழ் வாழ்வில் நுழைந்த விதத்தைப் பதிவு செய்தவர் யார் என்னும் வினாக்கள் நெடுங்காலம் கேட்கப்படவே இல்லை. ஆ. இரா. வேங்கடாசலபதியின் 'நாவலும் வாசிப்பும்' 2002-இல் இத்துறைக்கு ஒளியூட்டியது. 2008-இல் சென்னையிலிருந்து ஆங்கிலத் தொகுப்பாக வந்த பிறகே, நம் மாத நாவல்களைப் பிறமொழியாளர் வியந்து நோக்கினர்.

பிற நாட்டார் இவ்வாறு ஒதுக்கவில்லை. இங்கிலாந்தில் டோரதி சேயர்ஸ் 1933 முதல் 1935 வரை 'சண்டே டைம்ஸ்' இதழில் புதிய குற்ற நாவல்களுக்கு மதிப்புரை எழுதினார். வங்காளத்தில் சரதிந்து பந்தோபாத்தியாயர் 1932-இல் படைத்த வியோம்கேஷை அம்மக்கள் தம் இலக்கியச் செல்வமாகவே போற்றுகின்றனர். அச்சரதிந்து 1938-இல் திரைக்கதை எழுத நம் பம்பாய்க்கு வந்து நெடுநாள் வாழ்ந்தவர் என்பது நமக்கு உவகை தரும் செய்தி.

மதிப்புரையாளர் எவற்றை நோக்கல் வேண்டும்? துப்பறிவோன் கண்ட தடயம் வாசகன் கண்ணுக்கும் முன்பே காட்டப்பட்டதா? 1929-இல் ரொனால்ட் நாக்ஸ் வகுத்த பத்து விதிகளின் உயிர் இந்நேர்மையே. முடிச்சு அவிழ்ந்தது அறிவாலா, தற்செயலாலா? கதையில் ஐயத்திற்கு உள்ளாவோர் எப்போதும் வேலைக்காரரும் வேற்றூராரும் ஏழையருமாகவே இருக்கின்றனரா? இம்மூன்றாம் வினா தாராவியிலும் செம்பூரிலும் வாழும் நமக்கு இன்றியமையாதது. வேற்றூரார் என்பதே ஐயத்திற்குப் போதிய காரணம் என்று எண்ணப்பட்ட நாள்களை நாம் அறிவோம். மதுரையில் கோவலனும் வேற்றூரானே. இறுதியாக, முடிவை வெளியிடாமலே நூலின் குணமும் குற்றமும் கூறும் நாவடக்கம் மதிப்புரையாளர்க்கு வேண்டும்.

சுண்ணாம்புச் சூளையால் பெயர் பெற்றது நம் சுனாபட்டி. 1886-இல் டாட்டா வாங்கிய சுவதேசி ஆலையின் சங்கு இங்கே 2000-இல் ஓய்ந்தது. ஊரிலிருந்து இரயிலில் வருவோர் பயணத்துக்கென வாங்கிய மாத நாவல்கள் நம் குடியிருப்புகளில் கைமாறிக் கைமாறி, அட்டை கிழிந்து, முடிவில் ரத்திக் கடைக்குப் போயின. இந்நகரில் பிறந்த பிள்ளைகள் பலர் தமிழெழுத்தைப் பாடநூலில் கற்றனரேனும், தமிழை விரைந்து படிக்கக் கற்றது அந்நாவல்களில்தான். அடுத்த பக்கம் என்னாகுமோ என்னும் ஆவல், எந்த ஆசிரியரும் தர இயலாத பயிற்சியைத் தந்தது. அவற்றுள் நல்லன எவை, அல்லன எவை என எடுத்துச் சொல்வார் இல்லாமையால் இரண்டும் ஒரே தராசில் எடைக்குப் போயின.

ஆகவே நம் சங்கத்தார்க்கு ஒரு விண்ணப்பம். வீடுகளில் எஞ்சியுள்ள நாவல்களைத் திரட்டி நூலகத்தில் ஒரு நிலைப்பெட்டி ஒதுக்குவோம். மாதம் ஒரு நாவலையேனும் முழுதும் படித்து மதிப்புரை எழுதுவோம். குறை காணின் கூசாது கூறுவோம். தண்டிப்பதாயினும் விசாரித்துத் தண்டிப்பதே சிலம்பு பிறந்த மொழிக்கு அழகு.